வயர்லெஸ் செட்டும் வாட்ஸாப் குரூப்பும்: ஒரு நூலைக் காசிமேட்டிலிருந்து படித்தல்

ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய ‘சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா’ (யுசிஎல் பிரஸ், 2017) நூலை இந்தத் தடைக்காலத்தில் இரண்டாவது தடவையாகப் படித்தேன். முதல் தடவை நூலகத்தில் உட்கார்ந்து, என் ஆய்வுக்கு இதிலிருந்து என்ன தேறும் என்ற கண்ணோடு படித்தது. இந்தத் தடவை வீட்டு வாசலில். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும்; வெல்டிங், பெயின்ட், வலை வேலை என்று நாள் ஓடும். அப்பா தன் படகிலிருந்து வயர்லெஸ் செட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து மைக் ஒயரைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தார். மடியில் புத்தகம், எதிரில் செட்டு. புத்தகம் சொல்கிற ஒரு விஷயத்துக்கும் அந்த செட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நூலுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடணும். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னையை ஒட்டி, வயல்வெளி இருந்த இடத்தில் ஐடி கம்பெனிகள் எழும்பிய ஐந்து ஊர்களை ‘பஞ்சகிராமி’ என்ற புனைபெயரில் ஒன்றாகச் சேர்த்து, அங்கே பதினைந்து மாதம் களப்பணி செய்திருக்கிறார். 2013, 2014 காலம். ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். பெண்பிள்ளை கையில் போன் இருந்தால் வீடு எப்படிப் பதறுகிறது, முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு எப்படிப் பாதுகாப்பாக்கிக்கொள்கிறார்கள், ஆபீசில் உட்கார்ந்துகொண்டே குடும்பத்தோடு எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் படிக்கும்போது, இது எங்க தெருதானே என்று தோன்றும். அவருடைய முடிவு சுருக்கமானது: சாதி, வர்க்கம், பாலினம், உறவுமுறை என்று ஏற்கெனவே இருந்தது எதுவும் ஆன்லைனில் அழிந்துவிடவில்லை, அங்கேயும் தொடர்கிறது. இணையம் வந்ததால் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று பேசுகிற கூட்டத்துக்கு நடுவில் இது நிதானமான குரல்.

சிக்கல், நூல் சாய்ந்து நிற்கிற கோட்பாட்டில் இருக்கிறது. இது தனி நூல் இல்லை. டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது மானுடவியலாளர்கள் ஒன்பது ஊர்களில் செய்த ‘ஒய் வி போஸ்ட்’ திட்டத்தின் ஒரு பகுதி. பிரேசில், சிலி, சீனா, இத்தாலி, துருக்கி, டிரினிடாட் என்று நீளும் அந்த வரிசையில் இந்தியாவுக்குக் கிடைத்தது பஞ்சகிராமி. திட்டத்தின் பொது நூல் 2016இல் வந்தது. அதில் ‘ஸ்கேலபிள் சோஷியாலிட்டி’ என்று ஒரு கருத்தை வைக்கிறார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி: சமூக ஊடகங்களுக்கு முன்னால் தொடர்புச் சாதனங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருத்தர் இன்னொருத்தரோடு பேசுகிற கடிதம், தொலைபேசி. ஒரு இடத்திலிருந்து ஊருக்கே பேசுகிற ரேடியோ, டிவி, பேப்பர். நடுவில் காலியிடம். ஃபேஸ்புக் மாதிரித் தளங்கள் ஊருக்குப் பேசுவதைச் சுருக்கி நண்பர் வட்டத்துக்குக் கொண்டுவந்தன. வாட்ஸாப் மாதிரிச் செயலிகள் தனிப்பேச்சை விரித்து குரூப்பாக்கின. இப்போது எத்தனை பேருக்குக் கேட்கவேண்டும் என்பதையும் எவ்வளவு அந்தரங்கம் என்பதையும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

படிக்கச் சரியாக இருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கவும் வசதி, நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ‘காலியிடம்’ காசிமேட்டில் எப்போது காலியாக இருந்தது?

அப்பா லாஞ்சு டிரைவர். துறைமுகத்தை விட்டு வெளியே போன கொஞ்ச நேரத்தில் செல்போன் டவர் செத்துவிடும். அதற்கப்புறம் ஏழு நாளோ பத்து நாளோ, பேச்சென்றால் வி.ஹெச்.எஃப். செட்டு மட்டும்தான். அதுவும் ஆண்டெனா உயரத்தைப் பொறுத்து பத்து, இருபது கடல் மைல் எட்டினால் பெரிசு. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேசமுடியும். மைக்கை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். முக்கியமான விஷயம், அந்த சேனலில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். சொந்தக்காரன், பங்காளி, போட்டிக்காரன், போன வருஷம் வலையை அறுத்துட்டுப் போனவன், எல்லாருக்கும்.

எல்லாருக்கும் கேட்கிற இடத்தில் தன் ஆளிடம் மட்டும் எப்படிப் பேசுவது? எங்க அப்பாவும் அவர் மச்சான்மாரும் நாலு படகு ஒரு கூட்டு. ‘குழம்பு கொதிக்குதா?’ என்று கேட்டால் மீன் படுதா என்று அர்த்தம். ‘மாமியார் வூட்டாண்ட கீறோம்’ என்றால் கடலுக்கடியில் ஒரு குறிப்பிட்ட பார். எந்தப் பார் என்று எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது, கேட்டால் சிரிப்பார். கடம்பா கிடைத்தால் ஒரு சொல், வஞ்சிரம் என்றால் இன்னொன்று. இந்தச் சொற்கள் வருஷா வருஷம் மாறும், ஏனென்றால் பக்கத்துக் கூட்டம் கண்டுபிடித்துவிடும். புயல், இன்ஜின் கோளாறு, ஆள் விழுந்தது என்றால் மட்டும் பச்சைத் தமிழ். அப்போது யாரும் யாரையும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். ஆபத்துக்கென்றே உலகம் முழுக்க ஒதுக்கியிருக்கிற 16ஆம் சேனல் இருக்கிறது. ஆனால் எங்க ஆட்கள் வழக்கமாகப் பேசுகிற சேனலிலேயே கத்துவார்கள், அங்கேதான் காது இருக்கும் என்று.

கரைக்கும் இந்த வலை நீண்டது. தூரத்துப் படகு சொல்வதை நடுவிலிருக்கிற படகு வாங்கி, கரைக்கு நெருங்குகிற படகுக்குச் சொல்லும். அது படகு ஓனர் வீட்டு மாடியில் இருக்கிற செட்டுக்கு வரும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படியில் நின்றிருக்கிறார். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். கரகரவென்று ஒரு குரல் வரும். யார் குரல் என்று அவரவருக்குத் தெரியும். ‘எல்லாரும் நல்லா கீறாங்களாம், வெள்ளிக்கெழம காலைல வருவாங்களாம்’ என்று ஓனர் சொன்னதும் கலைவார்கள்.

இதற்கு என்ன பேர் வைப்பது? தனிப்பேச்சும் இல்லை, ஒலிபரப்பும் இல்லை. நாலு படகுக்கு ஒரு அளவு, நாற்பது படகுக்கு ஒரு அளவு, உயிர் போகிற நேரத்தில் கடலுக்கே ஒரு அளவு. அளவைக் கூட்டிக் குறைத்தது சாதனம் இல்லை, சொல். மில்லர் குழு சொல்கிற திறமை அத்தனையும் ஒரு மைக்கையும் நாலைந்து சங்கேதச் சொல்லையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முடிக்காத ஆட்களால் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது ஊர்களில் ஒன்று மீன்பிடி துறைமுகமாக இருந்திருந்தால் அந்தப் பத்தியை இப்படி எழுதியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

என் இணைய வாழ்க்கையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஆர்குட் 2004 ஜனவரியில் தொடங்கியது. எங்க பக்கம் அது 2006, 2007 வாக்கில் பிரவுசிங் சென்டர் வழியாக வந்தது. அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, பிளைவுட் தடுப்புக்குள் மூன்று பேர் ஒரு நாற்காலியில். (2011இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகள் போட்டபோது தடுப்பின் உயரம் நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். எழுதியவருக்கு அந்தத் தடுப்புகளைப் பற்றி நல்லாத் தெரிந்திருக்கிறது.) டானா பாய்ட், நிக்கோல் எலிசன் 2007இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சமூக வலைத்தளத்துக்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: உனக்கென்று ஒரு புரொஃபைல், உன் தொடர்புகளின் பட்டியல், அடுத்தவர் பட்டியலுக்குள் புகுந்து போகும் வசதி. மூன்றாவதுதான் எங்களுக்கு அதிசயம். ஸ்கிராப் எழுதுவதைவிட, ஒருத்தன் பட்டியலிலிருந்து இன்னொருத்தன் பட்டியலுக்குத் தாவிக்கொண்டே போவதில் நேரம் போகும்.

அந்தப் புரொஃபைலில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? ஊர்: ராயபுரம். காசிமேடு என்று எழுதவில்லை. என் நண்பர்கள் யாரும் எழுதவில்லை. சினிமாவில் காசிமேடு என்றால் அரிவாள். ‘எந்த ஏரியா’ என்று சாட்டில் கேட்டால் ‘நார்த் மெட்ராஸ்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். அப்போது இதை வெட்கம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்பா செட்டில் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். எல்லாருக்கும் கேட்கிற இடத்தில் நிற்கிற இடத்தை மறைத்துப் பேசுவது. இந்த இடத்தில் வெங்கட்ராமனின் ‘தொடர்ச்சி’ வாதத்துக்கு நானே சாட்சி. அவர் உறவுமுறையும் சாதியும் தொடர்வதைப் பார்த்தார். மறைக்கிற கலையும் தொடர்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபேஸ்புக் காலத்தைப் பற்றி நிறைய எழுத ஒன்றும் இல்லை. கல்லூரியில் எல்லாரும் போனார்கள், நானும் போனேன். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டபோது நான் உள்ளே போய்ப் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாஸ்வேர்டும் மறந்திருந்தது. எடுத்து வைத்திருக்கலாம், எடுத்து வைக்கவில்லை. முழுக்க என் சோம்பேறித்தனம்.

வாட்ஸாப் வேறு கதை, ஏனென்றால் அதில்தான் அப்பா வந்தார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு காசிமேட்டில் போன் இல்லாத லாஞ்சு ஆள் அரிது. அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. ஆனால் வாய்ஸ் மெசேஜைப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்: அழுத்திப் பிடித்துப் பேசு, விட்டால் போய்விடும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. முதல் சில மாதம் ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜின் கடைசியிலும் ‘ஓவர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் தங்கச்சி அதை ரிங்டோனாக வைத்திருந்தாள்.

அந்த வருஷம் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்க பக்கம் கரண்ட் போய், டவர் போய், எல்லா குரூப்பும் ஊமை. துறைமுகத்துக்குள் கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்து உடைந்துகொண்டிருக்க, படகு பேட்டரியில் ஓடிய செட்டில்தான் எந்தக் கயிறு அறுந்தது, யார் எங்கே ஓடணும் என்ற பேச்சு நடந்தது. புதுச் சாதனம் வந்தால் பழையது வழிவிட்டு ஒதுங்கிவிடும் என்பது போல ‘பரிணாமம்’ எழுதுகிறவர்கள் இதையும் கவனிக்கணும். இங்கே எதுவும் போகவில்லை. மேலே மேலே அடுக்கிக்கொண்டு இருக்கிறது.

மீனவரும் போனும் என்றாலே பொருளாதாரக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ராபர்ட் ஜென்சனின் 2007 கட்டுரை. வட கேரளக் கரையில் செல்போன் வந்ததும் மத்தி மீன் விலை ஊருக்கு ஊர் மாறுவது அடங்கியது, மீன் வீணாவதும் நின்றது என்று காட்டியது. ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பர்ரெலும் 2013இல் கேரளத்துக்கே போய், அந்தக் கதை அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய படகு, பக்கத்துத் துறைமுகத்தில் நாலு ரூபாய் அதிகம் என்று போனில் தெரிந்தாலும் அங்கே போய்விட முடியாது. போன் விலையைச் சொல்லும், கடனை அடைக்காது. ஆனால் இந்த விவாதம் முழுவதும் ஒரு விஷயத்தை ஒதுக்கிவிடுகிறது. போனே வைத்திருக்காதவரை அந்த வலை என்ன செய்கிறது?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து எர்ணாவூர்க் கரையில் தார் மாதிரி ஒட்டியது. ஆட்கள் கையாலும் வாளியாலும் அள்ளுகிற படங்களை நாடே பார்த்தது. அந்தப் படங்களை முதலில் எடுத்தவர்களில் எங்க பக்கத்துப் பையன்கள் உண்டு. சாட்சியாக எடுத்தார்கள். அவை இல்லாமல் இருந்திருந்தால் விஷயம் அமுங்கியிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே படம் நாலாவது குரூப்புக்குப் போவதற்குள் தேதி, இடம், யார் எடுத்தது எல்லாம் உதிர்ந்து, ‘மீன் வாங்காதீர்கள், எண்ணெய் கலந்திருக்கிறது’ என்ற செய்தியோடு பெரம்பூருக்கும் அயனாவரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா கூடை மீன் எடுத்துக்கொண்டு போகிற தெருக்கள் அவை. இருபது வருஷ வாடிக்கைக்காரம்மா போனைத் திறந்து காட்டி, ‘பாரும்மா, நீயே பாரு’ என்றிருக்கிறார். அம்மாவின் கூடையில் இருந்தது ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரம். ஐஸில் வைத்து மறுநாள் பாதி விலைக்குத் தள்ளினார். அப்படிப் பல நாள். அம்மாவுக்கு அன்றைக்கு போனே கிடையாது.

வெங்கட்ராமன் நூலின் மூன்றாம் அத்தியாயம் படங்களைப் பற்றியது. சினிமா, அரசியல், காலை வணக்கம் என்று தெருவில் ஏற்கெனவே இருந்த சுவரொட்டி, பேனர் உலகம் போனுக்குள் எப்படி நீள்கிறது என்று அழகாகக் காட்டுகிறார். ஆனால் அங்கே வருகிறவர்கள் போடுகிறவர், பார்க்கிறவர், லைக் கொடுக்கிறவர். படத்தை அனுப்பவும் இல்லாமல் வாங்கவும் இல்லாமல் அதன் அடியை மட்டும் வாங்குகிறவர் இல்லை. களப்பணி போன் வைத்திருப்பவரிடமிருந்து தொடங்கினால் இவர் கண்ணில் படமாட்டார். நூல் 2014இலேயே களத்தை முடித்துவிட்டது, ஃபார்வர்டுகளின் கொடூரக் காலம் அப்புறம்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018 மே மாதம் எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் குழந்தை கடத்துகிறவர் என்ற வதந்தியில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் தள்ளமுடியாது என்ற கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. 2014இல் உட்கார்ந்துகொண்டு இதை ஒருத்தர் முன்கூட்டிச் சொல்லியிருக்கணும் என்று கேட்பது அநியாயம்.

சரி, செட்டுக்கும் குரூப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையா, எல்லாம் பழசுதானா என்று கேட்டால், இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கோட்பாடு அதை அளவில் தேடுகிறது, எனக்கு அது கதவில் தெரிகிறது.

வயர்லெஸ்ஸில் யாரையும் வெளியே தள்ளமுடியாது. செட்டு வைத்திருக்கிறவன், எட்டுகிற தூரத்தில் இருக்கிறவன், அவ்வளவுதான் தகுதி. பிடிக்காதவனும் கேட்பான் என்பதால்தான் சங்கேதச் சொல்லே பிறந்தது. வாட்ஸாப் குரூப்பில் சங்கேதம் தேவையில்லை. ஆளையே எடுத்துவிடலாம். அதற்கு அட்மின் என்று ஒருத்தர் இருக்கிறார். எங்க ஊர்க் குரூப்பில் நடந்த பேச்சுக்களைப் பின்னோக்கிப் படித்துப் பார்த்தேன்: ஒரு மறைமொழிகூட இல்லை, எல்லாம் பட்டவர்த்தனம். உள்ளே இருப்பவன் நம்ம ஆள் என்ற தைரியம்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்க பக்கத்துக் குப்பம் ஒன்றில் கோயில் கணக்கு விஷயமாகத் தகராறு. ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைத்தது. மீனவ ஊர்களில் ஊர்க்கட்டுப்பாடு புதுசில்லை. நல்லது பொல்லாததுக்குப் போகமாட்டார்கள், வரி வாங்கமாட்டார்கள், அந்த அவமானத்தோடு ஆறு மாசம் ஒரு வருஷம் போகும். ‘தொடர்ச்சி’ என்று இதை எழுதினால் வெங்கட்ராமன் சொல்வது சரியாகிவிடும். ஆனால் ஒதுக்கிவைத்த முதல் ராத்திரியே அந்த வீட்டு ஆண்கள் மூன்று பேரையும் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய ஒதுக்கலுக்குக் கரையோடு எல்லை இருந்தது. கடலில் ஏறிவிட்டால் செட்டில் அவன் குரல் வரும், பதில் சொல்லியே ஆகணும். இப்போது ஊர் விஷயம் முழுக்க குரூப்பில்தான்: டீசல் மானியத்துக்கு எந்தக் காகிதம், எந்தத் தேதியில் அதிகாரிகள் படகு பார்க்க வருகிறார்கள், கடல் சீற்றம் என்று டோக்கன் கொடுக்கிறார்களா இல்லையா, எல்லாம். குரூப்பில் போட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி என்ற எண்ணம் வந்துவிட்டது. முன்னால் தண்டோரா மாதிரி ஒருத்தர் தெருவில் நடந்து சொல்வார். ஒதுக்கின வீட்டு வாசலைத் தாண்டும்போது அவர் வாயை மூடிக்கொள்ள மாட்டார்.

அரசாங்கம் கொடுக்கிற சாதனத்திலும் இந்தக் கதவுக் கேள்வி இருக்கிறது, வேறு உருவத்தில். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் குமரி மாவட்டத்துப் படகுகள் மாட்டிக்கொண்டன. அதற்கப்புறம் 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன்வளம் இருக்கும் இடமும் வரும். உண்மையிலேயே உயிர் காக்கிற சாமான். ஆனால் அது வாங்கிக்கொள்ள மட்டும்தான், திருப்பிப் பேச முடியாது. அப்பாவிடம் இதை விளக்கியபோது, ‘அப்போ அது ரேடியோ பொட்டி’ என்றார். மில்லர் குழு இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்கள்.

அப்படியானால் சமூக வலைகளின் வரலாற்றை எப்படி எழுதுவது? தளங்களின் பெயரை வரிசையாக வைத்து, ஆர்குட், ஃபேஸ்புக், வாட்ஸாப் என்று வம்சாவளி போடுவது சுலபம். இதுவரை நானும் அப்படித்தான் என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை வைத்திருந்தேன். அதைக் கலைத்துவிட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் யார் கேட்கமுடியும், யார் பேசமுடியும், யாரை யார் வெளியேற்றமுடியும் என்ற மூன்று கேள்வியை வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படி வைத்தால் செட்டு முதல் அத்தியாயத்துக்கு வந்துவிடுகிறது. பிரவுசிங் சென்டர் ஓனர் ஒரு அட்மினாகத் தெரிகிறார். மாடிப்படியில் நின்ற பெண்கள், கேட்கமட்டும் முடிந்தவர்களாக, வரலாற்றுக்குள் வருகிறார்கள்.

இதற்கு ஒரு எதிர்வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். செட்டை நான் கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடுகிறேன். அதில் பெண் குரல் வந்ததே இல்லை. மாடிச் செட்டு இருந்த வீட்டு ஓனரிடம் முகம் கோணினால் செய்தி தாமதமாகத்தான் கிடைக்கும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கரையில் அங்கேயும் ஒரு கதவு இருந்தது, படிக்கட்டு வடிவில். கடலில் கதவில்லை என்று நான் சொல்வது ஆண்களின் கடல். இன்றைக்கு என் தங்கச்சி குடும்பக் குரூப்பில் அப்பாவோடு சண்டை போடுகிற அளவுக்கு அம்மா அந்தக் காலத்தில் எந்த வலையிலும் பேசினதில்லை. வெங்கட்ராமன் இந்த மாதிரி இடங்களில் என்னைவிடக் கவனமானவர், பாலினத்தை விட்டுவிட்டு ஒரு அத்தியாயமும் எழுதவில்லை.

அந்த ஒதுக்கிவைத்த குடும்பத்தின் கதையில் பாக்கி இருக்கிறது. அடுத்த தடைக்காலம் வந்தது. நிவாரணத் தொகைக்குப் பெயர் சரிபார்க்க, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸோடு வரச்சொல்லி குரூப்பில் போட்டார்கள், இரண்டு நாள் அவகாசம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடைக்காலத்துக்கு அதுதான் ரொக்கமாகக் கையில் வருகிற காசு. அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. குரூப்பில் போட்டாச்சே, தெரிஞ்சிருக்கும் என்று நிஜமாகவே நினைத்தவர்களும் உண்டு. இரண்டாம் நாள் சாயந்திரம் அம்மா காலிக் கூடையோடு அந்தத் தெரு வழியாகத் திரும்பி வந்திருக்கிறார். வாசலில் அந்த வீட்டுக் கிழவி உட்கார்ந்திருந்தாள். ‘இன்னா ஆயா, பாஸ்புக்கு குட்த்துட்டியா?’ என்று அம்மா கேட்டிருக்கிறார். ‘இன்னா பாஸ்புக்கு?’ என்றாளாம் ஆயா. ஆபீஸ் மூடுவதற்கு இருபது நிமிஷம் இருந்தது. அவள் பேரன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.